இறக்கத்தில் தெரியும் என்ஜின்

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் கூச வைத்தது. அரை மைல்கூடப் போயிருக்க மாட்டோம், சாலை காலடியிலிருந்து நழுவுவதுபோல் இறங்கத் தொடங்கியது. கொலராடோவில் இன்டர்ஸ்டேட் 70 நெடுஞ்சாலை ராக்கி மலையைக் குடைந்து வெளிவரும் ஐசன்ஹோவர் சுரங்கத்தின் மேற்கு வாயில் அது. உயரம் 11,158 அடி. அங்கிருந்து சில்வர்தோர்ன் ஊர் வரை எட்டு மைல் போல ஒரே இறக்கம். பல இடங்களில் ஏழு சதவீதச் சரிவு. எங்கள் பிக்கப்புக்குப் பின்னால், அதன் தளத்திலேயே மாட்டியிருக்கும் ஒரு கூஸ்நெக் டிரெய்லர், அதன் மேல் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு டிராக்டர். வண்டியும் டிரெய்லரும் சுமையும் சேர்த்து 24,000 பவுண்டு.

ஓட்டியது நான். பக்கத்தில் அண்ணன். உடன்பிறந்தவர் அல்லர், எனக்குப் பத்து ஆண்டு முன்பே அமெரிக்காவுக்கு வந்து, மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, இங்கே ஹாட்ஷாட் என்று சொல்லும் அவசரச் சரக்குத் தொழிலுக்குப் போனவர். பெரிய லாரி தேவைப்படாத, ஆனால் நாளைக்கே போய்ச் சேர வேண்டிய இயந்திரங்களை டீசல் பிக்கப்பில் கட்டி இழுத்துச் செல்லும் தொழில். வார இறுதிகளில் அவரோடு போய்ப் போய் எனக்கும் இந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது.

ஏற்றம் முழுக்க வண்டி அலட்டிக்கொள்ளாமல் இழுத்து வந்திருந்தது. அந்த மிதப்பில், என்ஜினைக் கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். வேகம் கூடும்போதெல்லாம் காலால் பிரேக்கை மிதித்தேன், விட்டேன், மறுபடி மிதித்தேன். மூன்றாவது மைலில் ஒரு வாடை வந்தது. முடி கருகுவதும் ரப்பர் எரிவதும் கலந்த வாடை. அதன் பிறகு பெடல் ஒவ்வொரு மிதிக்கும் சற்று ஆழமாகப் போனது.

"காலை எடுக்காதே. இன்னும் கொஞ்சம் அழுத்தி வேகத்தைக் குறை. இப்போது பொத்தானை அழுத்து. கியரைக் கீழே கொண்டு வா." அண்ணன் குரல் உயரவே இல்லை. என்ஜின் உறுமியது. வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. வேகம் நாற்பதுக்கு வந்தது. பிரேக் இழந்த லாரிகளுக்காக வெட்டி வைத்திருக்கும் சரளைக்கல் தப்பிப்புத் தடத்தைக் கடந்தபோது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கீழே வந்து ஓரமாக நிறுத்தி இறங்கினோம். முன்சக்கரத்துக்கு அருகே குனிந்தேன். ஒரு முழ தூரத்திலேயே முகத்தில் அனல் அடித்தது. சக்கரத்தின் துளைகள் வழியாக மெல்லிய நீலப் புகை வந்துகொண்டிருந்தது. தவறு முழுக்க என்னுடையது. வண்டியின் மேல் ஒரு பழியும் இல்லை. அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஏற்றத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் தம்பி. என்ஜினை இறக்கத்தில் பார்."

அன்றிலிருந்து கனரக டீசல் பிக்கப்புகளை நான் ஒப்பிடும் விதமே மாறிவிட்டது. ராம் வண்டியின் கம்மின்ஸ், ஃபோர்டின் பவர் ஸ்ட்ரோக், ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் என்று இந்தச் சந்தையில் மூன்றே மூன்று என்ஜின்கள். இவற்றுக்குள் எது எவ்வளவு இழுக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எது எவ்வளவு தாங்கும் என்று நான் கேட்கிறேன். சூட்டைத் தாங்குவது, இறக்கத்தில் சுமையைத் தாங்குவது, பதினைந்து இருபது ஆண்டுகளைத் தாங்குவது.

விளம்பரங்கள் சொல்லும் எண் முறுக்குவிசை, அதாவது என்ஜின் தன் தண்டைத் திருப்பும் பலம். 1989 மாடலில், இன்றைய ராமின் முன்னோடியான டாட்ஜ் நிறுவனம் முதன்முதலாக 5.9 லிட்டர் கம்மின்ஸை ஒரு பிக்கப்பில் வைத்தபோது அது 160 குதிரைத்திறனும் 400 பவுண்டு-அடி முறுக்குவிசையும் தந்தது. அன்றைக்கு அது பெரிய செய்தி. 2019இல் ராம் 1,000 பவுண்டு-அடியைத் தொட்டது. அடுத்த ஆண்டே ஃபோர்டு 1,050 என்றது. 2021இல் ராம் 1,075 என்றது. 2023இல் ஃபோர்டு 1,200இல் போய் நின்றது. ஜெனரல் மோட்டார்ஸ் இந்த ஏலத்தில் கலந்துகொள்ளவில்லை. 2017இல் 910 என்று வந்து, 2024இல் 975 என்று நிறுத்திக்கொண்டது. ஆயிரம் என்ற எண்ணை எட்டாததால் அந்த என்ஜினைப் பலர் ஒரு படி கீழே வைத்துப் பேசுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நியாயமில்லை என்று தெரியும்.

ஜேம்ஸ் வாட் ஒரு குதிரையின் திறனை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வகுத்தார். அதிலிருந்து வருவதுதான் இந்த வாய்ப்பாடு: முறுக்குவிசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் குதிரைத்திறன். இப்போது எங்கள் 24,000 பவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல், 5,280 அடி. ஏழு சதவீத ஏற்றத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 370 அடி உயரம். 24,000 பவுண்டை நிமிடத்துக்கு 370 அடி தூக்க 269 குதிரைத்திறன் வேண்டும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் இதற்கு மேல். மலை கேட்பது இவ்வளவுதான். இன்றைய டியூராமேக்ஸ் 470 தருகிறது, கம்மின்ஸ் 430, உயர்திறன் பவர் ஸ்ட்ரோக் 500. மூன்றும் ஏறிவிடும்.

இன்னும் ஒரு கணக்கு. பவர் ஸ்ட்ரோக்கின் 1,200 பவுண்டு-அடி 1,600 சுற்றில் கிடைக்கிறது. அந்த இடத்தில் அதன் திறன் 365 குதிரை. கம்மின்ஸின் 1,075 கிடைப்பது 1,800 சுற்றில். அங்கே அதன் திறன் 368. விளம்பரப் பலகையில் 125 பவுண்டு-அடி வித்தியாசம். சாலையில் மூன்று குதிரை, அதுவும் எதிர்ப்பக்கம். டியூராமேக்ஸின் 975 கிடைப்பதும் 1,600 சுற்றில்தான். அங்கே 297 குதிரை. அது மலையில் அந்தச் சுற்றிலேயே நிற்பதில்லை. பத்து கியர் இருக்கிறது, ஒன்றைக் குறைத்துக்கொண்டு மேலே போய்விடும். குறைந்த சுற்றில் நிதானமாக, கியர் மாற்றாமல் ஏறும் சுகம் பெரிய முறுக்குவிசைக்கு உண்டு. அந்தச் சுகத்தை நானும் விரும்புகிறேன். அதற்கு மேல் அந்த எண்ணுக்கு மதிப்புக் கொடுக்க என்னால் முடியவில்லை.

இழுவைத் திறனுக்கு எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு பொதுத் தரநிலை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு மேலே போகும் 11.4 மைல் ஏற்றத்தில், பாலைவன வெயிலில், ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். அந்தச் சோதனையை வகுத்தவர்களுக்கு என் மரியாதை உண்டு, ஏனென்றால் அது உண்மையில் சூட்டைச் சோதிக்கிறது. என்ஜின் தரும் ஒவ்வொரு குதிரைக்கும் பின்னால் வெளியேற்ற வேண்டிய வெப்பம் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. ஐசன்ஹோவர் சுரங்க உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். ரேடியேட்டருக்கு டர்போ கிடையாது. மெலிந்த காற்றை வைத்தே அது குளிர்விக்க வேண்டும். ஏற்றத்தின் பாதியில் விசிறி கிளட்ச் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து விமானம் கிளம்புவதுபோல் இரைச்சல் வருமே, அதுதான் என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் சத்தம்.

மூன்று என்ஜின்களின் உடல்வாகும் வேறு வேறு. கம்மின்ஸ் வரிசையாக ஆறு சிலிண்டர். மற்ற இரண்டும் வி வடிவில் எட்டு. கொள்ளளவு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 6.6 அல்லது 6.7 லிட்டர். கம்மின்ஸின் பிஸ்டன் 107 மில்லிமீட்டர் விட்டம், மேலும் கீழும் போகும் ஓட்டம் 124 மில்லிமீட்டர். டியூராமேக்ஸின் ஓட்டம் 99, பவர் ஸ்ட்ரோக்கின் ஓட்டம் 108. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டைப் பாருங்கள். வி8இல் நான்கு முளைகள். ஒவ்வொரு முளையிலும் இரண்டு பிஸ்டன் கம்பிகள் ஒட்டி நிற்கின்றன. ஷாஃப்டைத் தாங்க ஐந்து பேரிங். கம்மின்ஸில் ஆறு முளைகள், முளைக்கு ஒரே கம்பி, ஒவ்வொன்றின் இரு பக்கமும் பேரிங், ஆக ஏழு. ஆறு சிலிண்டர் வரிசை தன் அசைவுகளைத் தானே சமன்செய்துகொள்ளும் அமைப்பு. கம்மின்ஸின் நீண்ட ஆயுளுக்கு ஆயிரம் கதைகள் சொல்வார்கள். எனக்கு இந்த ஏழு பேரிங் போதும்.

அந்த என்ஜின் பிக்கப்புக்காகப் பிறந்ததே இல்லை. இண்டியானாவின் கொலம்பஸ் நகரில் 1919இல் தொடங்கிய கம்மின்ஸ் நிறுவனம், கேஸ் என்ற விவசாய இயந்திர நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய என்ஜின் வரிசை அது. நாள் முழுக்க ஒரே சுமையில் ஓடுவதற்காகச் செய்தது. அண்ணனிடம் 1997 மாடல் டாட்ஜ் ஒன்று இன்னும் இருக்கிறது, பன்னிரண்டு வால்வு வகை. தொழிலுக்கு அதை எடுப்பதில்லை. ஜனவரி மாதம் ஒரு விடியற்காலை அதை எழுப்புவதைப் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. மீட்டர் பலகையில் காத்திருக்கச் சொல்லும் விளக்கு எரிந்தது. காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் கம்பி வலை ஹீட்டர் சூடாகிறது. வோல்ட் மீட்டர் முள் தொப்பென்று இடப்பக்கம் சாய்ந்தது. விளக்கு அணைந்ததும் சாவியை முழுக்கத் திருப்பினார். மூன்று முறை கனமாகப் புரண்டு பற்றிக்கொண்டது. பிறகும் சில நொடிக்கு ஒரு முறை ஹீட்டர் வந்து வந்து போக, முகப்பு விளக்குகள் மங்குவதும் பிரகாசிப்பதுமாக இருந்தன. மூச்சு விடுவதுபோல.

"இது ஓடுவதற்கு மின்சாரம் தேவைப்படுவது ஒரே இடத்தில்தான்" என்று எரிபொருளைத் திறந்து மூடும் சொலினாய்டைக் காட்டினார். கணினி இல்லை. டீசலைச் செலுத்தும் பம்ப் முழுக்க இயந்திரம். கையில் ஸ்பேனர் இருக்கிறவன் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். அந்தத் தலைமுறையிலும் ஒரு வினை இருந்தது. முன்பக்கப் பல்சக்கரக் கூட்டை இடத்தில் வைக்க அடித்திருக்கும் ஒரு சிறு எஃகு முளை, ஆண்டுக்கணக்கான அதிர்வில் வெளியே நகர்ந்து பல்சக்கரங்களுக்குள் விழக்கூடும். கொலைகார முளை என்றே இங்கே அதற்குப் பெயர். முளைக்கு முன்னால் ஒரு சிறு தகடு வைத்து போல்ட்டால் இறுக்கினால் தீர்ந்தது. பேர்பெற்ற என்ஜினின் ஆயுள் விரல் நுனி அளவு உலோகத்தில் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஃபோர்டின் கதையில் உயர்வும் சரிவும் அதிகம். 1983 முதல் 2010 வரை அதன் டீசல்களைச் செய்து கொடுத்தது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், பிற்பாடு நேவிஸ்டார் என்று பெயர் மாறிய நிறுவனம். 1994இல் பாதியில் வந்த 7.3 பவர் ஸ்ட்ரோக் இன்றும் பலர் தேடி வாங்கும் என்ஜின். என்ஜின் ஆயிலையே உயர் அழுத்தத்தில் அனுப்பி, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை இயக்கும் வினோதமான அமைப்பு அதில். பெரிய கட்டை, குறைந்த அவசரம், நீண்ட ஆயுள்.

அடுத்து 2003இல் வந்த 6.0 பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு என்ஜின் எப்படித் தோற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. அதில் ஆயில் கூலரின் நுண்ணிய வழிகள் குளிர்நீரில் வரும் கசடால் மெல்ல அடைபடும். அந்தக் கூலரைத் தாண்டித்தான் குளிர்நீர் இஜிஆர் கூலருக்குப் போக வேண்டும். எரிந்த வாயுவைக் குளிர்வித்து மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் பாகம் அது. நீர் குறைந்ததும் இஜிஆர் கூலர் வெந்து பிளக்கும். நீர் சிலிண்டருக்குள் போய் ஆவியாகி அழுத்தம் ஏறும். ஒரு சிலிண்டருக்கு நான்கு போல்ட் மட்டுமே பிடித்திருக்கும், சிலிண்டர்களின் மூடியான ஹெட், அந்த அழுத்தத்தில் தூக்கிக்கொடுக்கும். கேஸ்கெட் போகும். தொடங்கியது சுண்டுவிரல் நகம் அளவு கசடு. முடிந்தது கேபினையே சேசிஸிலிருந்து தூக்கி நிறுத்திச் செய்யும் வேலையில். உத்தரவாதச் செலவு யாருடையது என்று ஃபோர்டும் நேவிஸ்டாரும் 2007இல் நீதிமன்றம் போய், 2009இல் சமரசமாகிப் பிரிந்தன. வந்த புதிதில் குதிரைத்திறனில் அந்த 6.0 எந்தப் போட்டியாளருக்கும் இளைத்ததில்லை: 325. அந்த எண்ணை வைத்து வாங்கியவர்களுக்கு ஆயில் கூலரைப் பற்றி யார் சொன்னார்கள்?

2011இல் ஃபோர்டு தானே வடிவமைத்த 6.7 வந்தது. வழக்கமாக வி8இல் எக்ஸாஸ்ட் வெளிப்பக்கம் போகும். இதில் அதைத் தலைகீழாக்கி, வி-யின் பள்ளத்துக்குள் கொண்டுவந்து, அங்கேயே டர்போவை உட்கார வைத்தார்கள். சூடான வாயு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை, டர்போ சட்டென்று எழுந்துகொள்ளும். முதலாண்டில் 390 குதிரையாக அறிமுகமாகி இன்று 500க்கு வந்திருக்கிறது. சுமையோடு மலையேறி, சுரங்கத்துக்கு முன் மற்ற வண்டிகளைத் தாண்ட வேண்டும் என்றால் இதற்கு இணை இல்லை. ஓட்டிப் பார்த்ததில் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

டியூராமேக்ஸ் 2001இல் ஜெனரல் மோட்டார்ஸும் இசுஸுவும் ஒஹையோவின் மொரைனில் கூட்டாகத் தொடங்கிய ஆலையில் பிறந்தது. முதல் தலைமுறையில் இன்ஜெக்டர் தொல்லை அதிகம்; அவை வால்வு மூடிக்கு அடியில் இருந்ததால் மாற்றுவதும் பெரும்பாடு. 2006இன் 360 குதிரை வகையை இன்றும் பழைய வண்டிச் சந்தையில் தேடுகிறார்கள். அலிசன் கியர்பாக்ஸோடு சேர்ந்து வந்ததுதான் அதன் பாதி பலம். ராம் வண்டிகளில் நீண்ட காலமாக என்ஜினைவிட கியர்பாக்ஸ்தான் பலவீனமான கண்ணி என்று பேச்சு இருந்தது. 2025இல் அவர்களும் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் வடிவமைப்புக்கு மாறிவிட்டார்கள். அதே ஆண்டு கம்மின்ஸ் அந்தக் கம்பி வலை ஹீட்டரையும் விட்டுவிட்டு, வி8கள் போல, சிலிண்டருக்குள்ளேயே சூடேற்றும் குளோ பிளக்குக்கு வந்துவிட்டது. மூச்சு விடும் முகப்பு விளக்குகளுக்கு அதோடு முடிவு.

ஆண்டுகளைத் தாங்குவது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உயர் அழுத்த எரிபொருள் பம்ப். 2006இல் அமெரிக்கா டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 15 பங்காகக் குறைத்தது. காற்றுக்கு நல்லது, செய்ய வேண்டியதும் கூட. ஆனால் கந்தகத்தை எடுக்கும் பக்குவத்தில் டீசலின் இயல்பான வழவழப்பும் போய்விடுகிறது. சேர்மானம் போட்டு ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. எரிபொருளுக்குள் ஓர் எஃகுக் குண்டைத் தேய்த்து, விழும் தழும்பை அளப்பார்கள். ஐரோப்பியத் தரத்தில் 460 மைக்ரான் வரை அனுமதி. அமெரிக்கத் தரத்தில் 520 வரை.

பாஷ் நிறுவனத்தின் சிபி4 பம்ப் இரண்டு பிஸ்டன்களால் 2,000 பார் அளவுக்கு அழுத்தம் தருகிறது. கேமின் மேல் உருளும் உருளையைத் தாங்கிய ஒரு பாகம் தன் இடத்தில் சற்றுத் திரும்பிவிட்டால், உருளை உருளாமல் உராயத் தொடங்கும். உராய்ந்த உலோகத்தூள் டீசலோடு சேர்ந்து குழாய், இன்ஜெக்டர், டாங்க் என்று எங்கும் போய்விடும். பம்பை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது. முழு எரிபொருள் அமைப்பையும் மாற்றிப் பத்தாயிரம் டாலர் பில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பம்ப் 2011 முதல் ஃபோர்டின் 6.7இல் இருந்தது, 2011 முதல் 2016 வரை டியூராமேக்ஸில் இருந்தது, 2019, 2020 மாடல் கம்மின்ஸிலும் வந்தது. ராம் அந்த இரண்டு ஆண்டு வண்டிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்து, பழைய மூன்று பிஸ்டன் சிபி3க்கே போய்விட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் எல்5பி வகையைக் கொண்டுவந்தபோது டென்சோ பம்புக்கு மாறியதோடு, அதுவரை டியூராமேக்ஸில் இல்லாதிருந்த, டாங்கிலிருந்து தள்ளிக் கொடுக்கும் துணைப் பம்பையும் சேர்த்தது. எந்த விளம்பரத்திலும் இதைப் பெரிய எழுத்தில் போடவில்லை. எனக்கு அது 200 பவுண்டு-அடியைவிடப் பெரிய செய்தி.

புகைக் கட்டுப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்குக் கோபம் இருக்கிறது. 2007இன் விதி, எக்ஸாஸ்டில் வரும் கரித்துகளைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது, வடிகட்டி வந்தது. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கச் சொன்ன 2010 விதிக்காக யூரியா திரவம் வந்தது. இவற்றைக் கழற்றி எறிந்தால் வண்டி பறக்கும், ஆயுள் கூடும் என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம். அதைவிட, பின்னால் வருகிற காரில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் அது. என்ஜின் செய்பவர்களும் இதில் சுத்தமில்லை. 2013 முதல் 2019 வரையிலான ஏறக்குறைய 6,30,000 ராம் வண்டிகளில் சோதனையை ஏமாற்றும் அமைப்புகள் இருந்ததாக அமெரிக்க அரசு குற்றம் சாட்ட, கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதித்ததில் மிகப் பெரிய தொகை. ஏழு பேரிங்கின் மேல் எனக்கிருக்கும் அன்பு இதை மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மறுபடி அந்த இறக்கத்துக்கு வருகிறேன். 24,000 பவுண்டு 2,000 அடி இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 65 மெகாஜூல். 200 லிட்டர் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை யாராவது வாங்கியாக வேண்டும். அன்று நான் அதை இரும்புத் தட்டுகளிடம் கொடுத்தேன்.

பெட்ரோல் என்ஜினில் காலை எடுத்தால் திராட்டில் மூடிக்கொண்டு என்ஜினே இழுத்துப் பிடிக்கும். டீசலில் காற்றை அப்படி அடைப்பதில்லை. காலை எடுத்தால் டீசல் மட்டும் நிற்கும், என்ஜின் ஏறக்குறையச் சும்மா சுற்றும். அதனால்தான் எக்ஸாஸ்ட் பிரேக். இன்றைய மூன்று என்ஜின்களிலும் டர்போவின் சக்கரத்தைச் சுற்றிச் சிறு இதழ்கள் உண்டு, வாயு போகும் வழியை அகலமாக்கவும் குறுக்கவும் கூடிய அமைப்பு அது. ஏறும்போது வாயுவைச் சக்கரத்தின் மேல் சரியான கோணத்தில் திருப்பிவிடுகிற அதே இதழ்கள், பொத்தானை அழுத்தியதும் அந்த வழியை நெருக்கிவிடுகின்றன. வெளியேற வழியில்லாத காற்றை எதிர்த்துப் பிஸ்டன்கள் மேலே வர வேண்டும். என்ஜின் காற்றழுத்தும் இயந்திரமாகிவிடுகிறது. வெப்பம் எக்ஸாஸ்ட் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போகிறது. சக்கரத்துக்கு வருவதே இல்லை.

இந்த வேலையில் கம்மின்ஸை மிஞ்ச முடியவில்லை. கணக்கில் இதற்கு நிரூபணம் வைக்கவில்லை, மூன்றையும் அதே சுமையில் அதே சரிவில் இறக்கிப் பார்த்ததில் என் கால் சொல்வது இது. சுற்று 2,000ஐத் தாண்டியதும் அது பிடிக்கும் பிடியில் ஓர் உறுதி இருக்கிறது. வி8கள் கியரைத் தாமே ஒவ்வொன்றாகக் குறைத்து, சுற்றை ஏற்றி, அதே முடிவுக்குக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தோடு வந்து சேர்கின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு நான் வாங்கியது டியூராமேக்ஸ். அண்ணனுக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை. "உன் கால் ஒன்று சொல்கிறது, உன் பணம் வேறொன்று சொல்கிறது" என்றார். எனக்கு மாதத்துக்கு இரண்டு முறைதான் மலை. மீதி நாள் வெறும் வண்டி. ஆயிரத்தைத் துரத்தாத என்ஜின், பம்பைப் பற்றி யோசித்தவர்கள் செய்த என்ஜின், இந்த இரண்டும் என் கணக்கில் அந்தக் கூடுதல் பிடியைவிடக் கனம். அவருடைய தொழிலில் நான் இருந்தால் ஆறு சிலிண்டர்தான்.

போன அக்டோபரில் அதே சுரங்கம், அதே டிரெய்லர், ஏறக்குறைய அதே எடை. சுரங்கத்துக்குள் இருக்கும்போதே பொத்தானை அழுத்தினேன். வெளியே வருமுன் வேகத்தை 45க்குக் கொண்டுவந்தேன். கியர்பாக்ஸ் இரண்டு கியர் குறைத்தது. என்ஜின் குரல் உயர்ந்தது, அப்படியே நின்றது. எட்டு மைலில் கால் பிரேக்கைத் தொட்டது நான்கு முறையோ ஐந்து முறையோ. அண்ணன் பேசவில்லை, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு முகர்ந்துகொண்டே வந்தார். சில்வர்தோர்னில் அதே ஓரத்தில் நிறுத்தியதும் எனக்கு முன்னால் இறங்கினார். முன்சக்கரத்தின் அருகே குனிந்து புறங்கையைக் காட்டிப் பார்த்தார், பிறகு உள்ளங்கையை அப்படியே சக்கரத்தின் மேல் வைத்தார். எடுக்கவில்லை.